பருத்தது மீனா, பார்வையா?

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லில் பதிந்த பழங்கால மீன்களின் படங்களைக் கணினியில் திறந்து, மூக்கு நுனி, முதுகு மேடு, அடிவயிறு, வால் தொடங்கும் இடம் என்று புள்ளி வைப்பது அவள் வேலை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மீன்களின் உடல் எவ்வளவு வேகமாக உருமாறியது என்று அந்தப் புள்ளிகளிலிருந்துதான் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா கணக்குப் போடுவார்.

மிகப் பழைய பாறைகளில் தொடங்கி, பிந்திய காலத்து மீன்களுக்கு வந்திருந்தாள். டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "திடீர்னு உடம்பு பருக்குது பாரு! இவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவே இல்ல." கருத்தரங்கில் பேசவும் ஏற்பாடாகிவிட்டது.

ஒரு நாள் மதியம் தூசி விழுந்ததென்று இடக்கண்ணைப் பொத்தியவள், எதிரே ஜன்னல் கம்பிகள் நெளிவதைப் பார்த்தாள். வலக்கண்ணைப் பொத்தினாள். கம்பிகள் நேராக நின்றன.

இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பார்த்துப் புள்ளி வைப்பதுதான் அவள் பழக்கம். மீனில் நேர்க்கோடு ஏது, கோணல் தெரிவதற்கு? கண் கெடக் கெட, மீன்கள் பருத்துக்கொண்டே போயினவோ?

வீட்டில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "சொன்னா வேலை போயிடும்," என்றாள்.

"கண்ணே போயிடும் போலிருக்கு. நீ வேலையைப் பத்திப் பேசுற," என்று கணவன் சத்தம் போட்டான்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் முகம் செத்துவிட்டது. திரையை அணைத்துவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. புள்ளிகளை வேற ஆள் வச்சுப் பார்க்கட்டும்," என்றார்.

விழித்திரையில் கசிவு, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார்கள். இமையை விரித்துப் பிடித்தபோது ஓடிவிடலாமா என்றிருந்தது. மரத்துப்போன கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ சுழன்றது. கணவனின் விரல்களை நசுக்கிவிட்டாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே ஃபோன் செய்தார். "மீன் நிஜமாவே பருத்திருக்கு. ஆனா நாம சொன்ன வேகத்துல பாதிகூட இல்ல. நல்லவேளை, மேடையேறல."

"என் வேலை?"

"இனிமே ஒவ்வொரு மீனுக்கும் ரெண்டு பேர் புள்ளி வைக்கணும். அதுல நீ ஒருத்தி. கண்ணு என்ன சொல்லுது?"

"இன்னும் ஊசி இருக்காம். தேறுமான்னு இப்போ சொல்ல முடியாதாம்."

"அடுத்த ஊசிக்கு நானும் வரேன்," என்றார் டாக்டரம்மா.