அடுப்படிக்குக் கருப்புக் கல்

அன்று இருந்தது நான்கு பேர்: அப்பா, அம்மா, கொத்தனார், நான். அக்கா இல்லை. அம்பகரத்தூரில் அவள் மாமியார் படுக்கையில் கிடந்ததால் இரண்டு மாதமாக அவளால் நெடுங்காட்டில் எங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. வரும்போதெல்லாம் அப்பாவின் பாதங்களை மடியில் தூக்கி வைத்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவி, விரலிடுக்கு வரை பார்ப்பவள் அவள்தான். அப்பாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை. “காலை மட்டும் பத்திரமா பாத்துக்குங்க. போச்சுன்னா திரும்ப வராது” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கேஸ் இருந்தாலும் சோறும் வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் கொல்லைக் கொட்டகை விறகடுப்பில்தான். ஐப்பசி மழையில் அங்கே தரை ஊறி அடுப்பு அணைந்துவிடும். அதனால் அடுப்புக்கடியில் செங்கல் அடுக்கி ஒரு தளம் போடுவதென்று முடிவானது. மேலே எதைப் பதிப்பது என்பதுதான் பேச்சு.

“டைல்ஸு வேணாண்ணே, சூட்டுல படார்னு வெடிச்சிடும்” என்றார் கொத்தனார். “வெறும் சிமெண்ட்டு பூசலாம். இல்லன்னா காரைக்கால்ல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த ஒரு பென்ஷன்காரர் வீட்டுல மிஞ்சுன கருப்பு கிரானைட்டு கெடக்கு. சல்லிசா முடிச்சுத் தரேன்.”

“நீதானடா படிச்சவன், சொல்லு” என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். போனில் தேடிப் பார்த்தேன். கிரானைட் சூடு தாங்கும், கரி ஒட்டாது என்று இருந்தது. சொன்னேன்.

மறுநாள் கல் வந்தது. அப்பா குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“ஐஸ் கட்டியாட்டம் இருக்குடி. ராவெல்லாம் காலு எரியிது எனக்கு. இதுல வச்சுக்கிட்டா சொகமா இருக்கும்.”

“அடுப்புக்குப் போடுறோமா, ஒங்க காலுக்குப் போடுறோமா?”

கொத்தனார் முதல் எல்லோரும் சிரித்தோம். கல் பதிந்தது.

வயல் வேலைக்குப் போக முடியாமல் போனபின் அப்பாவுக்கு மிஞ்சிய வேலை அடுப்பு எரிப்பதுதான். விடியற்காலையில் பலகை போட்டு உட்கார்ந்து, கல்லின் ஓரத்தில் கால் வைத்துக்கொண்டு விறகு தள்ளுவார். யாரையும் கிட்டே விடமாட்டார்.

கார்த்திகையில் ஒரு காலை. நல்ல குளிர். சோறு வடித்து முடித்து, வெந்நீர் அண்டாவுக்காகத் தணலை முன்னால் இழுத்துவிட்டிருந்தார். மாட்டிடமிருந்து வந்த அம்மா கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க, என்னமோ கருகுதே?”

“ஒண்ணும் கருவலியே. மட்டை எரியிதோ என்னமோ.”

அம்மா குனிந்து பார்த்து அலறினாள். ஓடினேன். அவர் இடது பாதம் கல்லின்மேல் அப்படியே இருந்தது. தூக்கியபோது தோல் கல்லோடு நின்றுவிட்டது. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

சர்க்கரையால் நரம்பு செத்த கால் தானாக எரியும், ஆனால் வெளிச்சூடு அதற்குத் தெரியாது என்று காரைக்கால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் இரண்டு விரல் போனது. புண் ஆறாமல் ஏறியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கணுக்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

அவர் வீடு திரும்புவதற்குள் அம்மா அந்தக் கல்லைப் பெயர்க்கச் சொன்னாள். கொத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் உளி வைத்தார். கல்லில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை. சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசிவிட்டுக் கூலி வாங்க மறுத்தார், அம்மா திணித்தாள்.

இப்போது அடுப்பை அம்மாதான் எரிக்கிறாள். அப்பா முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். விடிந்ததும் “பத்திக்கிச்சா?” என்று ஒருமுறை கேட்பார். “பத்திக்கிச்சுங்க” என்பாள்.

அக்கா வந்து மிச்சமிருந்த காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “எவ்ளோடா ஆச்சு?” என்றாள். கல், கூலி, கார் வாடகை, மருந்து, புதுச்சேரியில் நாங்கள் தங்கியது, ஊன்றுகட்டை எல்லாம் சேர்த்துச் சொன்னேன். மாட்டை விற்றும் போதவில்லை என்றேன். மொத்தம் எழுபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.