படத்தில் விழாத ரயில்

புதுக்கோட்டைப் பக்கம், மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் ஒன்றைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். பூட்டிய டிக்கெட் கவுண்டர் அருகே, தோளில் சிவப்புத் துண்டோடு ஒரு பெரியவர் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தினமும் அப்படித்தானாம்.

"ஏங்க, ரயிலைப் பாக்கப் பிடிக்காதா?" என்றேன்.

"பிராட்கேஜ் வேணும்னு ஊரைக் கூட்டிக் கொடி புடிச்சதே நாந்தாங்க. வந்துச்சு. பழைய வண்டி இங்கிட்டு நின்னு போகும். இது நிக்கிறதே இல்ல."

தூரத்தில் ஹாரன் கேட்டது. ரயிலோடு சேர்த்து எங்களைப் படமெடுக்கச் சொல்லி மகள் அவரிடம் போனைக் கொடுத்தாள்.

"எடுக்குறேன் ஆத்தா, நில்லுங்க."

கடைசிப் பெட்டியும் கடந்த பிறகே பட்டனை அழுத்தினார்.

படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். பின்னால் வெறும் தண்டவாளம். அவருக்குப் போன் பழக்கமில்லை என்கிறாள் மகள்.