அரிப்புக் கோட்டையும் ஸரீனாவின் கோபமும்

ஸரீனா மௌத்தாகிவிட்டாள் என்று கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் முந்தல் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். சுபஹுத் தொழுதுவிட்டு, நெஞ்சு நோகிறது என்று படுத்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வயதுகூட ஆகாதவளுக்கு என்ன அவசரம்? கந்தோர் வேலையில் பதினாறு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவளை இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதவும் என் கை வரவில்லை. அவளை அறிந்தவர்கள் மன்னியுங்கள்.

அவளுடைய ஊர் வடக்கே, சிலாவத்துறை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்தாள், படித்தாள், உத்தியோகம் எடுத்தாள், கமால்தீனைக் கலியாணம் முடித்தாள். இவ்வளவு இருந்தும், மகள் ஹஃப்ஸாவை வகுப்பில் ஒருத்தி "அகதிப் புள்ள" என்று சொல்லிவிட்டாள். ஹஃப்ஸா வீட்டுக்கு வந்து, "உம்மா, எங்கட ஊர் எது?" என்று கேட்டிருக்கிறாள். இந்தக் கதையை மறுநாள் கந்தோரில் ஸரீனா என்னிடம் சொன்னாள். நான் புத்தளத்துப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவள் கோட்டையைச் சொன்னாள். அருவியாறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட, சிலாவத்துறைக்கு அடுத்த அரிப்பில், பறங்கியர் கட்டிய பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அவளுடைய வாப்பா அவளைச் சைக்கிளில் அங்கே கொண்டுபோவாராம். ஹஃப்ஸாவிடமும் சின்னவன் அகீலிடமும் படப்புத்தகம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் ஆற்றங்கரைகளில் ராஜாக்கள் கட்டிய கோட்டைகள், கோபுரங்கள், தூக்கி மூடும் பாலங்கள் எல்லாம் அதில் இருந்தன. "எங்கட ஊரிலயும் இப்புடி ஒண்டு இருக்கு" என்று அவள் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் அவளை விடவில்லை.

யுத்தம் முடிந்து, புத்தளத்திலிருந்து வடக்கே போகும் காட்டுப் பாதை திறந்திருந்த காலம் அது. இரண்டு குடும்பமும் பிள்ளைகளோடு போவதென்று முடிவு செய்தோம். முதல் தடவை போகும் நாளன்று கமால்தீன் வேலை பார்த்த பண்ணையில் இறால் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். புளிச்சோற்றைக் கட்டி வைத்துவிட்டு வீட்டிலேயே தின்றோம். இரண்டாம் தடவை எழுவன்குளம் வரை போனோம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வேன்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "தலையச் சீவினாலும் இதுக்குள்ள விடமாட்டன்" என்றார். பிள்ளைகள் அழுதன. என் கணவர், "தண்ணி வத்தட்டும், வசதியப் பாத்துப் போவம்" என்றார். அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஸரீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"வசதியப் பாத்தா பயணம் போக ஏலாது நானா. பயணம் வெளிக்கிட்டாத்தான் வசதி வரும்."

அதைப் பிறகு எத்தனையோ பேருக்கு அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் தடவை ஆம்பிளைகளிடம் நாள் கேட்கவேயில்லை. ஆகஸ்ட் விடுமுறையில் அவளே வேன் பேசி, என்னையும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். காட்டுக்குள் புழுதி, குலுக்கல், அகீல் இரண்டு தடவை வாந்தி. ஒருவழியாக அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இடிந்த சுவர்கள் சில நின்றன. உள்ளே பற்றை, ஆட்டுப் புழுக்கை. அகீல் ஒருமுறை சுற்றி ஓடிவந்து, "முடிஞ்சா?" என்றான். ஆற்றைப் பார்க்கப் போனோம். கோடையில் அது மணலுக்குள் சுருண்டு, முழங்கால் தண்ணீராய்க் கிடந்தது. ஹஃப்ஸா கடைசியில் உம்மாவின் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னது பொய்தானே?" என்றாள்.

ஸரீனா திரும்ப நடந்துபோய்ச் சுவர் ஒன்றின் பக்கத்தில் நின்றாள். அது அவளுடைய நெஞ்சளவுக்குத்தான் இருந்தது. "இதுல ஏற எனக்கு வாப்பா தோள் குடுக்கணும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு, சிலாவத்துறைக்குப் போய்த் தன் வீட்டு வளவைப் பார்க்கவேண்டும் என்றாள். இருட்டுமுன் காட்டைத் தாண்டவேண்டும் என்று வேன்காரர் ஒரே பிடிவாதம். அவள் அவரை ஏசினாள், பாதையை ஏசினாள், வெயிலை ஏசினாள், கடைசியில் வேன் கதவைப் படாரென்று அடித்து மூடினாள். வீட்டு வளவைப் பார்க்காமலே திரும்பினோம்.

வரும் வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "புள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம், ஸரீனா" என்றேன். ஒரு கிழமை கழித்து, கந்தோரில், கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நான் கூட்டிச் சொல்லல்ல நஸீரா. பதினொரு வயசுக்காரி பாத்த அளவத்தான் சொன்னன். அதுக்குப் பொறகு போய் அளந்து பாக்க என்னை ஆரு விட்ட?"

நான், "சரி, சரி, வா, டீ குடிப்பம்" என்று எழும்பிவிட்டேன். நீ சொல்வது சரி என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

வீட்டு வளவைப் பார்க்க இன்னொரு பயணம் போகவேண்டும் என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை என்றேன். மகளுக்குக் கலியாணம் என்றேன். காட்டுப் பாதையைப் பிறகு மூடிவிட்டார்கள், அனுராதபுரத்தால் சுற்றிப் போக என் முழங்கால் தாங்காது என்றேன். உன்னை விட்டுட்டுப் போனா எனக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லையே என்று அவளும் தள்ளிப்போட்டாள். தனியாகவாவது போயிருக்கலாம். என்னை நம்பிக் கெட்டாள்.

ஜனாஸா எடுத்த அன்று ஹஃப்ஸா என் பக்கத்தில் வந்து இருந்தாள். இப்போது வளர்ந்து, அவளும் உத்தியோகம் பார்க்கிறாள்.

"அண்டைக்கு நான் உம்மாட்ட அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது, சாச்சி."

"சின்னப் புள்ளைதானே மகள். உம்மா அத எப்பயோ மறந்திருப்பா."

"மறக்கல்ல. போன மாசமும் சொன்னா. அடுத்த முறை முதல்ல வளவுக்கு, பொறகுதான் கோட்டைக்கு எண்டு. நீங்க ஓம் எண்டு சொன்னாப் போதுமாம், உடனே வேன் பேசலாமாம்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீடு நிறையச் சனம். வந்தவர்கள் எல்லோரும், அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் என் வாழ்நாளில் எனக்குப் பொறுமைக்குக் குறைவே இருந்ததில்லை. போன கிழமை என் கணவரிடம், ஹஃப்ஸாவையும் அகீலையும் சிலாவத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றேன். "பெருநாள் கழியட்டும், வசதியப் பாத்துப் போவம்" என்றார். அடுத்த வளவுக்குக் கேட்கும்படி கத்தினேன். முப்பது வருடத்தில் நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. மனிதர் திகைத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

அந்தக் கோபம் என்னுடையதல்ல. அது ஸரீனாவுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். வேன் பேசியாயிற்று. வருகிற சனிக்கிழமை புறப்படுகிறோம்.