எனக்கே தெரியாத என் வேண்டுதல்

பழைய தேவாலயங்களை ஒவ்வொன்றாக, என் வேகத்தில், சைக்கிளில் போய்ப் பார்த்து வருகிறேன். இன்று ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பின்னால் வந்த ஜீப்பை நிறுத்தினேன். ஜீப்பின் மேலே சைக்கிளுக்கும் இடமிருந்தது.

"எங்க போறீங்க?" என்றார் டிரைவர்.

"மலைக்கு அந்தப் பக்கம் மாதா கோயிலுக்கு. கோயில் கோயிலா சைக்கிள்லயே போறேன்."

உள்ளே ஜெபமாலையோடு இருந்த அம்மா பதறினார். "ஐயோ, வேண்டுதலா? பாதில ஜீப்புல ஏறினா பலிக்காதுங்க. வண்டிய எடு தம்பி!"

"வேண்டுதல்லாம் இல்லம்மா. சும்மாதான்."

"சும்மா யாருனா இந்த மேட்ட மிதிப்பாங்களா? வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைக்கிறாரு."

டிரைவர் என்னைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சாலையோரம் காலை நீட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது எனக்கும் ஒரு வேண்டுதல் உண்டு: அடுத்த ஜீப்பிலாவது பக்தி குறைந்தவர்கள் வரவேண்டும்.

இதை எந்த மாதா கேட்பார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.