குஞ்சம்மாவின் நெற்றி

அம்மா தினமும் காலையில் தன் தங்கையின் நெற்றியில் குங்குமம் வைப்பார். மத்தியானத்துக்குள் தங்கை அதை அழித்துவிடுவார். மறுநாள் அம்மா மறுபடி வைப்பார். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டுக்குள் இந்தச் சண்டை ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது.

அம்மாவின் தங்கையை நான் குஞ்சம்மா என்று கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் சின்னம்மாவைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள். அம்மா ரயில்வே கிளார்க்கைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்கு வந்துவிட்டார். குஞ்சம்மா கணவரோடு கொழும்பில் இருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம், ஒரே ஒரு பையோடு எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கணவர் வரவில்லை.

அகதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். "தங்கச்சி வந்து நிக்கிறா" என்பார் அம்மா, ஏதோ பள்ளிக்கூட லீவுக்கு வந்தவர் போல. அப்பா இமிக்ரேஷனுக்கு நடையாய் நடந்து விசாவை நீட்டிக்கொண்டு வருவார். குஞ்சம்மா ஏன் இப்படி மெலிந்து போனார் என்று யாராவது கேட்டால், "இந்த ஊர்த் தண்ணி இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை" என்று அப்பாவே முடித்துவிடுவார். கௌரவம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பொய் தண்ணீர்பட்ட பாடு.

வந்த அன்றைக்கே குஞ்சம்மா சொல்லப் பார்த்தார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன். "அக்கா, அவர்..." என்று தொடங்கினார். அம்மா பாய்ந்துபோய் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"சொல்லாதை! வாயால சொன்னாப் பலிச்சுப்போம். எங்கயாவது முகாமில இருப்பார். வருவார்."

அந்தக் கைக்கு மேலாக குஞ்சம்மா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உடல் இல்லை, தந்தி இல்லை, ஆகவே சாவும் இல்லை. இது அம்மாவின் கணக்கு. சாவு இல்லையென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இல்லை, அழுவதற்கும் அனுமதி இல்லை. பொட்டும் தாலியும் இருந்தே ஆகவேண்டும்.

குஞ்சம்மா பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சோறு தட்டிலேயே காய்ந்துபோகும். தலையைச் சீவிவிடப் போனால் முடி சடையாகிச் சீப்பு உள்ளே இறங்காது. குளிக்க வைப்பதற்குள் எனக்கு வேலைக்குப் போகும் பஸ் போய்விடும். டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, டிப்ரெஷன் என்றார். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். அப்பா அதை வீட்டுக்கு வருவதற்குள் 'நரம்புத் தளர்ச்சி' ஆக்கிவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி குஞ்சம்மாவின் கணவருக்கென்று காலியாக இருந்தது. அதன் முதுகில் அம்மா ஒரு புதுத் துவாய் போட்டு வைத்திருந்தார். தீபாவளிக்கு அவருக்கும் ஒரு வேட்டி வாங்கினார். நாங்கள் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடப்போம். குஞ்சம்மா மட்டும் சுற்றிக்கொண்டு போவார், உட்கார்ந்திருப்பவரின் கால் பட்டுவிடக் கூடாது என்பது போல. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. செத்தவர்கள் பேயாக வருவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தவரை நாங்கள் சாகவே விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய கணவர் வேன் ஓட்டினார். குஞ்சம்மாவை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, இதுக்கு மருந்து மாத்திரை கேக்காது லா. ஏதோ காத்து அண்டியிருக்கு. எங்க தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம். நம்ம வேன் இருக்கு. பூசாரி பாத்தாருன்னா எந்திரிச்சு உக்காந்துருவாங்க."

தோட்டத்து ஆட்களின் கோயில் என்றால் முகம் சுளிக்கிற அம்மா, அன்று மறுபேச்சில்லாமல் சேலை மாற்றிக்கொண்டார். ஆபத்துக்குப் பாவமில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்னக் கோயில். பூசாரி விபூதி போட்டுவிட்டு நேரடியாகக் கேட்டார்: "புருஷன் இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்கிறார்" என்றார் அம்மா.

குஞ்சம்மா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவர் யாரையும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. பூசாரி சிரித்து, குஞ்சம்மாவின் கையில் கயிற்றைக் கட்டினார். "அப்பறம் என்னம்மா? புருஷன் நெனப்புத்தான். அவரு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

வேனுக்குத் திரும்பும்போது காற்று மாறியது. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையிலிருந்து புகை எங்கள் மேல் வந்தது. குஞ்சம்மா ஓடிப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். "பாத்தீங்களா, காத்து எறங்குது!" என்று பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷப்பட்டார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். குஞ்சம்மா என் காதருகே ஒரு சொல் சொன்னார்.

"டயர்."

கொழும்பில் கழுத்தில் டயரைப் போட்டு என்ன செய்தார்கள் என்று தெரியாதவர் எங்களில் யாருமில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அவவைச் சொல்ல விடுங்கோ அம்மா. உங்கட கையாலேயே அவவைக் கொல்லுறீங்கள்."

"வாயை மூடு" என்றார் அம்மா. "உனக்குக் கல்யாணம் பேசுற நேரம். நல்லதை மட்டும் கதை."

எண்பத்து ஐந்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தன்று காலையில் பெண்ணைக் குளிக்க வார்ப்பதற்கு முன் பலகையில் இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லை உச்சியில் வைப்பது எங்கள் வழக்கம். பெண் பக்கத்துச் சுமங்கலிகள் வைக்கவேண்டும். விதவைகள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அம்மா குஞ்சம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டி, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்து, முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார். யாராவது சந்தேகப்படட்டும் பார்ப்போம் என்பது போல இருந்தது.

"வா, வந்து அறுகு வை" என்றார் அம்மா.

குஞ்சம்மா வந்தார். பால் கிண்ணத்துக்குள் விரலை விட்டார். வெளியே எடுக்கவில்லை.

"அக்கா, நான் வைக்கக் கூடாது" என்றார். "அவர் செத்திட்டார். நான் கண்டனான். சந்தியில மறிச்சுப்போட்டு டயரைக் கொழுத்தினவங்கள். நான் மதிலுக்குப் பின்னால நிண்டனான். அவர் இந்தப் பக்கம் பார்த்தவர், அக்கா. நான் கூப்பிடேல்லை."

நல்ல காரியத்தில் கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வைத்திருக்கிறார்கள்? அப்பா மூலைக்குப் போய், கேசட்டில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரத்தின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "நிப்பாட்டுங்கோ அப்பா!" என்று கத்தினேன். மணப்பெண் கத்துவதை எங்கள் வீட்டுக் கூடம் அதற்குமுன் கேட்டிருக்காது. அப்பா நிறுத்தினார்.

"குஞ்சம்மா, நீங்கள் வையுங்கோ" என்றேன்.

"ஐயோ பிள்ளை, கூடாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ர தலைதானே?"

குஞ்சம்மா வைத்தார். பால் என் நெற்றியிலிருந்து மூக்கின் மேல் வழிந்தது. நான் துடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அம்மா தன் சேலைத் தலைப்பால் தங்கையின் பொட்டை அழித்துக்கொண்டிருந்தார். அழுத்தி அழுத்தித் துடைத்தார். நெற்றி முழுக்கச் சிவந்தது. பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கொழும்பில் போட வேண்டிய ஒப்பாரி ஈப்போவில், கல்யாண வீட்டில், வாழை மரத் தோரணத்துக்குக் கீழே எழும்பியது. பலகையில் இருந்தபடி நானும் அழுதேன். எனக்கு அது அபசகுனமாகப் படவில்லை.

அன்றோடு குஞ்சம்மா தேறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தேறவில்லை. பிறகும் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆனால் இடையிடையே அழுதார், ஒருநாள் பசிக்கிறது என்றார், மாத்திரையைத் தானே கேட்டு வாங்கினார். கடைசியில் கனடாவிலிருந்த உறவுக்காரர் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே பனிக்காலம் முழுக்க மறுபடி படுக்கைதான் என்று கேள்விப்பட்டேன்.

என்னை விடாமல் இருப்பது கல்யாணத்துக்கு மறுநாள் காலை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் தங்கினார். விஷயம் தெரியாமல் அந்தக் காலி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. அந்த நேரம் அம்மா பழக்க தோஷத்தில் குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டு பின்னறை வாசல் வரை போய்விட்டார். விரலில் குங்குமத்தைத் தொட்ட பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே குஞ்சம்மா வெறும் நெற்றியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, அதை என் நெற்றியில் வைத்தார்.