கதவுக்கு அடியில் ஒரு தெரு

கடைக்கு யார் வந்தாலும் பிச்சையா முதலில் காலைத்தான் பார்ப்பார். கால் யாருடையது என்று பிடிபட்ட பிறகே முகத்தைப் பார்க்க நிமிர்வார். "என்ன நல்லக்கண்ணு அண்ணாச்சி, கட்டைவிரல் நகம் விழுந்துட்டே!" இதுதான் அவருடைய கும்பிடு. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது.

எல்லாம் அப்பா செய்த வேலை. வாந்திபேதியில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த கருப்பட்டி வியாபாரி காசிலிங்கம், "தெருத் தூசி எம் புள்ளைக மேல படக்கூடாது" என்று மகனையும் மகளையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கதவைப் பூட்டியவர், கதவுக்கு அடியிலிருந்த நாலு விரல் இடுக்கைக் கவனிக்கவில்லை. தூசி முழுக்க அந்த வழியாகத்தான் வந்தது. தெருவும் அந்த வழியாகத்தான் வந்தது. அண்ணனும் தங்கையும் குப்புறப் படுத்துக் கால் பார்த்தே வளர்ந்தார்கள். தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட, எந்தக் கால் நிற்கிறதோ அந்தக் காலுக்கு அந்தப் பெயர். கல்யாண ஊர்வலம் போனால் மாப்பிள்ளையின் காலைப் பார்த்துப் பெண்ணுக்காக வருத்தப்படுவார்கள்.

அப்பா கண்ணை மூடியதும் பிச்சையா, நாற்பது வயதில், வெளியே வந்து கடையில் உட்கார்ந்தார். தங்கை சண்முகவடிவு வரவில்லை. கடலோ கூப்பிடு தூரம்.

"ஏளா வடிவு, வா, கடலைக் காட்டுதேன்."

"கடலுக்குக் கால் இருக்கா அண்ணே? பொறவு எதை வச்சு அடையாளம் காண?"

பிச்சையாவுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும், அவருக்கு இருப்பது இந்த ஒரு தங்கை. தான் கண்ட எதையும் காணாமலே அவள் போய்விடுவாளோ என்ற பயம் அவரைத் தின்றது.

வெள்ளைக்காரன் கப்பலேறிய மறுவருஷம், சென்னையிலிருந்து தேவபிரசாதம் என்பவர் படமெடுக்கும் பெட்டியோடு வந்து சேர்ந்தார். உலகம் அறியாமல் வளர்ந்த அண்ணன் தங்கையைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க வேண்டுமாம். வந்தவர் பூட்ஸ் போட்டிருந்தார். பிச்சையாவுக்குத் தெரிந்து அந்தத் தெருவில் பூட்ஸ் போட்டு நடந்தது போலீஸ் மட்டும்தான். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்வழியாக ஓடிவிட்டார். மறுநாள் மனிதர் வெறுங்காலோடு வந்து நின்ற பிறகே பேச்சு நடந்தது.

"இப்பந்தான் மனுசராத் தெரியுதிய."

இருட்டறையும் சடைமுடியும் எதிர்பார்த்து வந்த தேவபிரசாதத்துக்கு, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு சண்முகவடிவு காப்பி கொடுத்தாள். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. சரி, அவள் வாசல் தாண்டுவதையாவது பிடிப்போம் என்று தெருவில் பெட்டியை நிறுத்தினார். ஊரே கூடிவிட்டது. கதவு மட்டும் அசையவில்லை.

பிச்சையா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "செருப்புப் போட்டவியல்லாம் கழத்துங்க! கதவுகிட்ட வரிசையா நில்லுங்க. அவளுக்கு உங்க முகம் தெரியாதுல்லா!"

சிரித்துக்கொண்டே நின்றார்கள். உள்ளேயிருந்து, தரையோடு தரையாக, குரல் வந்தது. "மெட்டி தேஞ்சது பகவதி அக்கா... இது நல்லக்கண்ணு அண்ணாச்சி... பித்தவெடிப்பு ஞானசௌந்தரி, தண்ணிக்குழாயில சண்டை போடுதவ..." ஞானசௌந்தரி காலை இழுத்துக்கொண்டாள். தாழ்ப்பாள் விலகியது.

சண்முகவடிவு வெளியே வந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, எந்த முகத்தையும் பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தெருப்புழுதியில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாக வீட்டுக்குள் பார்த்தாள்.

உள்ளே யாருமில்லை.

பிச்சையா பின்வழியாக ஒரே ஓட்டம் ஓடி வீட்டுக்குள் நுழைந்து, இடுக்குக்கு நேரே நின்று, கால் விரல்களை ஆட்டிக் காட்டினார்.