புதன்கிழமை அம்மா

வீடு வீடாகப் போய் முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, நடக்க வைப்பது அக்காவின் வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட. ஊரார் முதுகைத் தாங்கித் தாங்கி அவளுடைய முழங்கால் தேய்ந்துபோனது. தண்ணீரில் இறங்கி நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போன இடத்தில் அவளுக்கு நீந்தும் ஆசை பிடித்துக்கொண்டது.

இடைஞ்சல் போனில் இருந்த காலண்டர்தான். யார் வீட்டுக்கு எப்போது என்று சூப்பர்வைசர் அதில் பச்சைக் கட்டங்களாகப் போடுவாள். வெள்ளையாக ஓர் இடம் கண்ணில் பட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. புதன்கிழமை மத்தியானத்தில் அக்கா "நீச்சல்" என்று எழுதி வைத்தாள். மறுநாளே அது சனிக்கிழமைக்குப் போயிருந்தது. அடுத்த வாரம் அங்கேயும் இல்லை. கேட்டதற்கு, தண்ணி எங்கேயும் ஓடிப்போகாது, மெதுவாக நீந்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அக்கா யோசித்தாள். நீச்சலைத் தள்ளிப்போடலாம். படுத்திருப்பவர்களின் குளியலைத் தள்ளிப்போட இந்த ஆபீஸில் யாருக்கும் தைரியம் கிடையாது. எனவே காலண்டரில் ஓர் அம்மாவைப் பிறக்க வைத்தாள். "நீலக் கட்டடத்து அம்மா. வாராவாரம் புதன். கால் வலு குறைவு. தண்ணீர் என்றால் பயம். பொறுமையாக இறக்கவும்." கீழே நீச்சல்குளத்தின் விலாசம். தெரிந்தவர், சம்பளம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அதன் பிறகு அந்த மத்தியானத்தை யாரும் தொடவில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று அடிக்கடி விசாரித்தார்கள். தேறிவருகிறார், இப்போது கம்பியைப் பிடிக்காமலே நிற்கிறார் என்பாள் அக்கா.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. லீவு சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனவள் அந்த அம்மாவை அழிக்க மறந்தாள். அவளுடைய புதன்கிழமை வீடுகள் முழுவதையும் சூப்பர்வைசர் "புதுசு" தலையில் கட்டினாள். புதுசு வந்து மூன்று வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் மாறவில்லை.

புதன் மத்தியானம் போன் அடித்தது.

"அக்கா, கையுறை, துண்டு, பிரஷர் மெஷின் எல்லாத்தையும் தூக்கிட்டு நீச்சல்குளத்து வாசல்ல நிக்கறேன். குளிப்பாட்ட வேண்டிய அம்மா யாருன்னு கேட்டா, இங்க எல்லாரும் குளிக்கத்தான் வர்றாங்கன்னு காவலாளி சிரிக்கறார்."

அக்காவுக்குக் காய்ச்சலோடு வியர்த்தது.

"கால் வலு குறைவு, தண்ணின்னா பயம்னு படிச்சுக் காட்டினேன். கத்துக்கொடுக்கற பொண்ணு உடனே, அட, நம்ம அக்காவா, இன்னிக்கு வரலையேங்குது."

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"பின்னே? அம்மாவைக் காணோம்னு பதறிப்போய் முதல்ல அங்கதானே பேசினேன்."

புதன்கிழமை கைவிட்டுப் போனது என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம் சூப்பர்வைசரே கூப்பிட்டாள். திட்டை வாங்கிக்கொள்ள அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த அம்மா கொஞ்சம் கனமாமே அக்கா. ஒரு ஆளால இறக்க முடியாதுன்னு புதுசு சொல்றா. ரெண்டு பேரைப் போட்டிருக்கேன், பாத்துக்குங்க."

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினாள்.

"எனக்கும் தண்ணின்னா பயம்தான். மூணாவது ஆள் வேணும்னா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அக்கா காலண்டரைத் திறந்தாள். புதன்கிழமைக் கட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. "பொறுமையாக இறக்கவும்" என்பதற்குக் கீழே யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "துண்டு அவரவர் கொண்டுவரவும்."